கேன்டீனில் ஓர் எடை மெஷின்

எடை மெஷினை எங்கே வைக்கலாம் என்று என்னைக் கேட்டிருந்தால், கேன்டீனைத் தவிர வேறு எந்த மூலையில் வேண்டுமானாலும் வையுங்கள் என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. பஸ் டிப்போவில் டைம் கீப்பரிடம் வண்டி எத்தனை மணிக்கு என்பதைத் தவிர வேறு எதையும் கேட்கும் வழக்கம் கிடையாது. அதனால் அந்தத் திங்கட்கிழமை காலையில், இறைச்சி வைத்து மடித்துச் சுட்ட, எண்ணெய் சொட்டும் புரேக்கைத் தட்டில் வாங்கிக்கொண்டு திரும்பிய டிரைவர்கள், தயிர் டம்ளர்கள் அடுக்கியிருக்கும் மேசைக்குப் பக்கத்தில் பளபளவென்று நின்ற அந்த மெஷினைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

மெஷினுக்கு அருகில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நெவேனா நின்றாள். பெல்கிரேடில் இருக்கும் எங்கள் தலைமை அலுவலகம் அனுப்பிய நர்ஸ். சின்னப் பெண். முகம் முழுக்க நல்லெண்ணம். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. கெட்ட எண்ணத்தோடு வருகிறவனை வாசலிலேயே இரண்டு வார்த்தை கேட்டு அனுப்பிவிடலாம், நல்லெண்ணத்தோடு வருகிறவளை என்ன செய்வது?

ஊழியர் நலத் திட்டமாம். டிரைவர்கள் ஓர் அணி, ஒர்க்‌ஷாப் ஓர் அணி, ஆபீஸ் ஓர் அணி. ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடை பார்த்து, பெயருக்கு நேரே பலகையில் எழுதுவார்கள். ஈஸ்டருக்குள் எந்த அணி அதிகமாக இளைக்கிறதோ அந்த அணிக்கு வெந்நீர் ஊற்று ஊரில் இரண்டு நாள், கம்பெனி செலவில்.

"இது போட்டிதான், வேற ஒண்ணுமில்ல. யாருக்கும் எந்தத் தண்டனையும் கிடையாது," என்றாள் நெவேனா.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் விழுங்கியிருக்கலாம். அதைக் கேட்டதும் எல்லோர் கண்ணும் ஜன்னலுக்கு வெளியே போயிற்று. வெளியே வண்டி கழுவும் இடத்தில் திஹோமிர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குழாயைப் பிடித்து நின்றான். முந்தைய வருஷ மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை ஏறிவிட்டது என்று அவனை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி அங்கே நிறுத்தினார்கள். அந்தப் பரிசோதனைக்கு முன்னாலும் இப்படித்தான் ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து, சும்மா ஒரு பரிசோதனை என்று சொன்னார்.

ரதிசாவும் ஜன்னல் பக்கம்தான் பார்த்தார். ரதிசாவ் எங்கள் டிப்போவிலேயே பெரிய உடம்புக்காரர். அவர் உட்கார்ந்தால் வயிறு ஸ்டியரிங்கைத் தொடும். எந்தச் சட்டை போட்டாலும் கொஞ்ச நாளில் நான்காவது பொத்தானைச் சுற்றி ஒரு பட்டை துணி தேய்ந்து மினுமினுக்கும். மலைப்பாதையில் இவானிட்சா வரைக்கும் போய்வரும் காலை வண்டி அவருடையது. அந்த வண்டியை வேறு யாராவது எடுத்தால் ஊர்க் கிழவிகள் ஏறுவதற்கு முன் யோசிப்பார்கள். அப்படி ஒரு கை.

எனக்கு அவர் வெறும் சக ஊழியர் இல்லை. என் கல்யாணத்தில் எனக்குச் சாட்சியாக நின்றவர். என் மகளை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து கையில் வாங்கியவர். எங்கள் ஜனங்களில் அப்படிப்பட்டவரைக் கும் என்பார்கள். அவர் என்னைக் குமா என்பார், நான் அவரைக் குமே என்பேன். கூடப்பிறந்தவனோடு சண்டை போட்டால் ஊர் சிரித்துவிட்டுப் போய்விடும். கும்மோடு உறவை முறித்தால் பிள்ளை குட்டிகளுக்கு ஆகாது என்று பேசுவார்கள்.

"ஏறுங்கண்ணே," என்றாள் நெவேனா.

ஏறினார். மெஷின் எண் எதையும் காட்டாமல் ஒரு கோடு போட்டுவிட்டுக் கீச்சிட்டது.

"என்னம்மா சொல்லுது?"

"இந்த மெஷின் நூத்தம்பது கிலோ வரைக்கும்தாண்ணே காட்டும்." மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கேன்டீனில் அப்போது ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை.

"லாரிய ஏத்தி எடை பாக்குற மேடை இருக்கே, அங்க கூட்டிட்டுப் போம்மா!" என்றான் ஒர்க்‌ஷாப் பையன்களில் ஒருவன். சிரிப்பு கூரையைப் பிளந்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் ரதிசாவ்தான். "மெஷினக் குத்தம் சொல்லாதீங்கடா. பயந்துபோய்க் கத்துது பாவம்," என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். மேனேஜருக்கு மூளை வேலை செய்தது. "பார்சல் ஆபீஸ்ல தராசு இருக்கே," என்றார். அன்று முதல் மற்றவர்களுக்குக் கேன்டீனில் எடை, ரதிசாவுக்கு உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றும் தராசில். பிளாட்பாரத்தில் காத்திருக்கும் பயணிகள் வேடிக்கை பார்த்தார்கள். நூற்று அறுபத்து மூன்று. நெவேனா அந்த எண்ணைப் பலகையில் எழுதும்போது அவள் காது மடல் சிவந்துபோயிருந்தது. சிவந்து என்ன பிரயோசனம்? எழுதத்தானே செய்தாள்.

மத்தியானம் வண்டி திரும்பியதும் ரதிசாவ் என் ஜன்னலுக்கு வந்தார். டிரிப் ஷீட்டைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"குமா, திஹோமிர் நிக்கிற எடத்துல இன்னொரு குழாய் இருக்கா?"

"மொதல்ல வாயக் கழுவுங்க குமே. அப்புறம் வண்டி கழுவலாம்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "விளையாட்டுக்குக் கேக்கல. வர்ற மே மாசம் வருஷப் பரிசோதனை. அதுக்குள்ள எறக்கலன்னா என்னை எறக்கிருவாங்க. ஸ்டியரிங்க விட்டா நான் யாரு, சொல்லு? வீட்ல உருட்டி வச்ச பீப்பா."

டிரிப் ஷீட்டில் நேரத்தைக் குறித்தேன். நானும் ஒன்றும் கொடியிடையாள் இல்லை. ஆனால் என் இடுப்பின் அளவைப் பொறுத்து என் நாற்காலி பறிபோவதில்லை.

அவர் கண்டுபிடித்த வழி எங்கள் ஜனங்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழி. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு அடுத்த வாரம் தொடங்குகிறது. ஏழு வாரம் இறைச்சி இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை. "இந்தத் தடவை ஒரு நாள் விடாம இருக்கப்போறேன். கடவுளுக்கும் ஆச்சு, நர்ஸம்மாவுக்கும் ஆச்சு," என்று டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டார். எல்லோரும் பாராட்டினார்கள். நோன்புச் சாப்பாடு உடம்பில் ஒட்டாது என்பதில் எங்களுக்கு அப்படியொரு நம்பிக்கை.

அவர் மனைவி மிலியானா வெங்காயம் போட்டு அடுப்பில் சுட்ட பீன்ஸைச் சட்டியோடு கட்டிக் கொடுத்தாள். கூட ஒரு முழு ரொட்டி. கேன்டீன்காரி அவருக்கென்று தனியாக உருளைக்கிழங்கு பொரித்தாள். கண்டக்டர் ஸ்தோயாதின் வீட்டிலிருந்து வால்நட் பிஸ்கட் வந்தது. யாரோ ஒரு பயணி எள்ளு அல்வா வாங்கிக் கொடுத்தார். என் பங்குக்கு நானும் ஒரு பாட்டில் மிளகாய் ஊறுகாய் கொடுத்தேன், ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள. ரொட்டிக்கு உயிர் இல்லை என்று சர்ச் சொன்னதே தவிர, எடை இல்லை என்று சொல்லவில்லை. அது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

நோன்பின் மூன்றாம் திங்கட்கிழமை தராசு நூற்று அறுபத்தேழு காட்டியது.

"தராசு கோளாறு," என்றார் ரதிசாவ்.

பார்சல் ஆபீஸ்காரன் ஒரு இரும்புப் படிக்கல்லை எடுத்து வைத்துக் காட்டினான். தராசு சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கு ரதிசாவ் சிரிக்கவில்லை. டிரைவர் அணியில் ஒருவன், "நாங்க பட்டினி கெடந்து எறக்குறத எல்லாம் அண்ணன் ஒருத்தரே தின்னு ஏத்திடறாரு," என்று முணுமுணுத்தான். விளையாட்டாகத்தான் சொன்னான். அப்படியும் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. வெந்நீர் ஊற்று என்றால் சும்மாவா?

அதற்குப் பிறகு அவர் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். காலையில் ஒரு காபி, சாயங்காலம் ஒரு ஆப்பிள். மாமியாருக்கு ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த, சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையை எடுத்து விழுங்க ஆரம்பித்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. வியர்த்து எடை இறங்கட்டும் என்று சட்டைக்கு உள்ளே பிளாஸ்டிக் மழைக்கோட்டு. கேபினில் ஹீட்டர். அவர் ஜன்னலுக்கு வரும்போது சரசரவென்று சத்தம் கேட்கும். நெற்றியில் வியர்வை வழியும், உதடு மட்டும் வறண்டு கிடக்கும்.

இரண்டு டிரிப்புக்கு நடுவில் ஓய்வறை பெஞ்சில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். அது புதிது இல்லை, பல வருஷமாகவே அப்படித்தான். வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். பையன்கள் அவர் வாயில் பாப்கார்னைக் குறிபார்த்து எறிவதற்குப் பந்தயம் கட்டுவார்கள், நான் விரட்டுவேன். உழைத்த மனுஷன் தூங்கட்டும் என்று நினைப்பேன். பெரிய உடம்புக்காரர்களுக்குத் தூக்கம் அதிகம் என்பது எங்களுக்குத் தெரிந்த விஞ்ஞானம்.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு நாள் மாலை ஸ்தோயாதின் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். கண்டக்டர்கள் என் அறைக்குள் வருவதே அபூர்வம், கதவைச் சாத்துவது அதைவிட அபூர்வம்.

"அக்கா, நீங்க அவரோட குமாங்கிறதால சொல்றேன். வேற யார்கிட்டயும் போகக் கூடாது."

"சொல்லு."

"ஆரில்யே தாண்டி ரோடு வேலை நடக்குதுல்ல, அங்க சிக்னல் வச்சிருக்காங்க. சிவப்பு விழுந்துச்சு, நின்னாரு. பச்சை விழுந்துச்சு, எடுக்கல. மறுபடி சிவப்பு விழுந்துச்சு. பின்னாடி வண்டிக்காரன் எல்லாம் ஆரன் அடிக்கிறான். இவரு கண்ணு தெறந்துதான் இருக்கு. ஆனா ஆளு இல்ல."

"எப்போ?"

"போன வாரம். இப்ப நான் டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துட்டு நேரா முன்னாடி வந்து நின்னுக்கிறேன். பேசிக்கிட்டே வருவேன். அவரு பதில் சொல்லலன்னா தோள்ல தட்டுவேன்." குரலைத் தாழ்த்தினான். "இன்னிக்குப் பேசிக்கிட்டேதான்க்கா இருந்தேன். வண்டி ஆத்துப் பக்கம் சரளைக்கல்லுல எறங்கிருச்சு. கத்தினேன். திருப்பிட்டாரு. உள்ள பூரா ஸ்கூல் புள்ளைங்க. அதுங்க ஏதோ ரங்கராட்டினம்னு நெனச்சுச் சிரிச்சுதுங்க."

"இத்தனை நாள் ஏண்டா சொல்லல?"

"சொன்னா அவர குழாயப் புடிக்க விட்டுருவாங்க. அந்தப் பாவத்த நான் கட்டிக்கணுமா?" என்றான். பிறகு, "இப்ப உங்க தலைல கட்டிட்டேன்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அன்று வீட்டுக்குப் போய் என்ன சமைத்தேன், என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. டிப்போவில் எல்லோரும் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். சாப்பாடு கொடுத்தோம், தட்டி எழுப்பினோம், வாயை மூடிக்கொண்டோம். அந்தப் பள்ளிப் பிள்ளைகளை யார் காப்பாற்றுவது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மொராவிட்சா ஆற்றின் ஓரம் அந்த இடத்தில் தடுப்புச் சுவர்கூடக் கிடையாது.

மறுநாள் காலை ரதிசாவ் ஜன்னலுக்கு வந்தார். கண் சிவந்து, முகம் மாவு பூசினதுபோல் இருந்தது. டிரிப் ஷீட்டில் நான் முத்திரை குத்திக் கொடுக்காமல் எந்த வண்டியும் டிப்போ கேட்டைத் தாண்ட முடியாது. கை நீட்டினார்.

"ஷீட்டக் குடு, குமா."

"உள்ள வாங்க குமே. ஒரு காபி போடறேன்."

"காபிக்கு ஏது நேரம்? ஆளுங்க ஏறி உக்காந்தாச்சு."

"இன்னிக்கு நீங்க போகல."

கை நீட்டியபடியே நின்றது. "யாரு சொன்னது?"

"நான் சொல்றேன்."

"ஸ்தோயாதின் வந்து ஓதினானா?"

"யாரு ஓதினா என்ன? ரோட்டுல தூங்குறது நீங்கதானே."

"சத்தம் போடாத." சுற்றிலும் பார்த்தார். பிறகு கெஞ்சலாக, "சாப்பிடாம இருக்கேன், அதான் அசதி. ஈஸ்டர் முடிஞ்சா எல்லாம் சரியாயிரும். ரெண்டு வாரம். ரெண்டே வாரம் கண்ண மூடிக்க."

"நான் மூடிக்கலாம் குமே. நீங்க மூடக் கூடாது."

அவர் முகம் மாறியது. அப்படி ஒரு முகத்தை அதற்கு முன் நான் அவரிடம் பார்த்ததில்லை. "உன் பொண்ண இந்தக் கையாலதான் வாங்கினேன். அந்தக் கையில குழாயக் குடுக்கப் பாக்குற. சரி. இதச் செஞ்சேன்னா, இனிமே நீ எனக்குக் குமாவும் இல்ல, என் வீட்டு வாசப்படியும் உனக்கு இல்ல."

ஷீட்டை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். பயம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். இப்படி ஒரு வார்த்தையை என்னிடம் சொல்ல வைத்ததற்காக அந்த மெஷின் மேலும், மேனேஜர் மேலும், அவர் மேலும், எல்லோர் மேலும் கோபம்.

ரதிசாவ் திரும்பி நடந்தார். வீட்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். நேராக வண்டியில் ஏறினார். இன்ஜின் உறுமியது. ஷீட் இல்லாமல் எடுக்கப்போகிறார் என்று புரிந்ததும் நான் அறையை விட்டு ஓடினேன். இந்த வயதில், இந்த உடம்போடு ஓடினேன். கேட்டுக்கு முன்னால் போய் வண்டிக்கு நேரே நின்றேன்.

கண்ணாடி வழியாக அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. இறங்கி வருவார், திட்டுவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் தலை மெல்லக் கீழே இறங்கியது. நெஞ்சு ஸ்டியரிங்கில் சாய்ந்து ஆரன் அலற ஆரம்பித்தது.

நிற்காமல் அலறியது. ஒர்க்‌ஷாப் பையன்கள் ஓடி வந்தார்கள். திஹோமிர் குழாயைத் தரையில் போட்டுவிட்டு வந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு முதலில் இன்ஜினை அணைத்தான். நாலு பேர் சேர்ந்து ரதிசாவை நிமிர்த்திய பிறகுதான் சத்தம் நின்றது.

நெவேனா ஓடி வந்து நாடி பார்த்தாள், மழைக்கோட்டைக் கத்தரித்து எடுத்தாள், சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவருக்கு நினைவு தெளிந்துவிட்டது. ஏற்றும்போது என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று மத்தியானம் நெவேனா என் அறையில் உட்கார்ந்து அழுதாள். "நான்தான்க்கா காரணம். உதவி பண்ணத்தான் வந்தேன்."

"அழுது முடிச்சிட்டியா? அப்போ அந்த மெஷினத் தூக்கிட்டுப் போ கேன்டீன விட்டு. பலகையையும் சேத்து," என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன். பிறகு காபி போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பெண்ணைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன் என்று அடுத்த நாள்களில் தெரிந்தது. மெஷின் அவள் அறைக்குள் போயிற்று, கதவுக்குப் பின்னால், விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். போட்டியை நிறுத்தினாள். பிறகு மேனேஜர் அறைக்குப் போனாள். கதவைத் தாண்டி அவள் குரல் கேட்டது. "வேலை போயிரும்னு பயந்தா மறைப்பாங்க சார். மறைச்சா நான் யாருக்கு வைத்தியம் பாக்குறது? நீங்க எறக்கி விட்ட ஆள மறுபடி ஏத்தி விடுவேன்னு எழுதிக் குடுங்க. இல்லன்னா நான் பெல்கிரேடுக்கே எழுதுறேன்." எழுதிக் கொடுத்தார். வைத்தியம் எடுக்கிற காலத்துக்குச் சம்பளம் குறையாது, குணமானதும் பழைய வண்டி பழைய ஆளுக்கே. அதை அவள் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய மறுநாள் முதலில் அவள் கதவைத் தட்டியவன் திஹோமிர். கேன்டீனில் புரேக்கோடு சூப்பும் வந்தது. வாங்கினவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் வாங்கினார்கள்.

ரதிசாவுக்கு மூன்று வாரம் ஓய்வு கொடுத்திருந்தார்கள். நான் மிலியானாவுக்குப் போன் செய்தேன். எடுத்தாள், "நல்லா இருக்காரு," என்று மட்டும் சொன்னாள், வைத்துவிட்டாள். ஈஸ்டர் வந்தது. சிவப்புச் சாயம் போட்ட முட்டைகளைக் கூடையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். கூடையைத் தயார் செய்தேன், போகவில்லை. அவர் சொன்ன வாசற்படி கண் முன்னால் நின்றது. என் கணவர், "போய்த்தான் பாரேன்," என்றார். அவருக்குச் சொல்வது சுலபம்.

ஓய்வு முடிந்து ரதிசாவ் டிப்போவுக்கு வந்தபோது ஆள் கொஞ்சம் தெளிந்திருந்தார். என் ஜன்னலைத் தாண்டித்தான் போனார், திரும்பவில்லை. நேராக நெவேனாவிடம் போய், "மாத்திரைய விட்டாச்சு, சாப்பிடறேன், நல்லா இருக்கேன். கையெழுத்துப் போடும்மா, வண்டிய எடுக்கணும்," என்று கேட்டிருக்கிறார்.

அவள் போடவில்லை. "மாத்திரையால மட்டும் இல்லண்ணே. நீங்க பகல்ல தூங்குறது பல வருஷமா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. தூக்கத்தப் பாக்கணும். எடை குறையாததுக்கும் அதுவே காரணமா இருக்கலாம். தூக்கம் இல்லாத உடம்பு சோறுதான் கேக்கும்." தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைக் கொடுத்து, ராத்திரி நெஞ்சில் கட்டிக்கொண்டு படுக்கச் சொன்னாள். சத்தத்தையும் அது பதிவு செய்யும் என்றாள்.

"நானா தூங்கல? ஆட்டுக்குட்டி மாதிரி தூங்குவேன். என் பொண்டாட்டியக் கேளு," என்றார். கருவியை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம் மிலியானாவோடு வந்தார். நடைபாதையில் நின்று, எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார்: "அந்த டைம் கீப்பரம்மாவையும் கூப்புடு. என்னை ரோட்டுல எறக்கி விட்டவங்க, எனக்கு ஒண்ணுமில்லங்கிறத அவங்க காதாலயே கேக்கட்டும்."

டைம் கீப்பரம்மா. அந்தச் சொல் எங்கே குத்தவேண்டுமோ அங்கே குத்தியது. ஆனாலும் போனேன். அவர் சொல்வது உண்மையாக இருந்துவிடட்டும், நான் முட்டாளாகிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

நெவேனாவின் அறை சின்னது. ரதிசாவ் கட்டிலில் உட்கார்ந்தார், நாற்காலி அவரைத் தாங்காது. மிலியானா மூலையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கதவோரம் நின்றேன். மிலியானா என்னைப் பார்க்கவில்லை. யாரையுமே பார்க்கவில்லை.

"நல்லாக் கேளுங்க எல்லாரும்," என்றார் ரதிசாவ். "போடும்மா."

நெவேனா கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினாள். குறட்டை கிளம்பியது, பழைய டீசல் இன்ஜின்போல. ரதிசாவ் பெருமையாக எங்களைப் பார்த்தார். "பாத்தியா? இது தூக்கம் இல்லன்னா எது தூக்கம்?"

குறட்டை நின்றது.

அறையில் சத்தமே இல்லை. அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். வெளியே ஒரு வண்டி பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. அவர் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்து, "நின்னுபோச்சா மெஷின்?" என்றார்.

"மெஷின் ஓடுதுண்ணே," என்றாள் நெவேனா. "நீங்கதான் நின்னுட்டீங்க."

இன்னும் சத்தம் இல்லை. அப்போதுதான் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று தெரிந்தது. அப்புறம் அந்தப் பதிவில் ஒரு பெண் குரல் கேட்டது. பதற்றம் இல்லாத குரல், தினமும் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன குரல்.

"ரதிசாவ். மூச்சு விடு. ரதிசாவ், மூச்சு விடு."

போர்வை சரசரத்தது. தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவர்போல ஒரு பெரிய மூச்சு. மறுபடி குறட்டை. மறுபடி நின்றது. மறுபடி அதே குரல். "மூச்சு விடு, ரதிசாவ்."

நெவேனா நிறுத்தினாள். "ராத்திரி முழுக்க இப்படித்தாண்ணே. காலைல வரைக்கும்."

ரதிசாவ் மிலியானாவின் பக்கம் திரும்பினார். அவள் கைப்பையின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"தினமுமா?"

தலையை அசைத்தாள்.

"எப்பருந்து?"

"பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியே."

பொண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். "ஏண்டி என்னை எழுப்பல?"

"எழுப்பினா தூக்கம் கெட்டுருமே. காலைல நீ வண்டி ஓட்டணும்," என்றாள் மிலியானா. "அதனால எழுப்ப மாட்டேன். மூச்ச மட்டும் விட வச்சிட்டு விட்டுருவேன்."

"நீ எப்போ தூங்குவ?"

"நீ வண்டிக்குப் போனப்புறம் கொஞ்ச நேரம்."

மூச்சு விட உதவும் முகமூடி ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுத் தூங்கினால் சில வாரங்களில் பகல் தூக்கம் குறையும், எடையையும் அதன் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம், வண்டி எங்கேயும் போய்விடாது என்று நெவேனா சொல்லத் தொடங்கினாள். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"குமா, இவானிட்சா வண்டிக்கு வேற ஆளப் போடு. நெவேனா சொல்ற வரைக்கும் நான் ஸ்டியரிங்கத் தொடல."

மிலியானா அப்போதுதான் அழுதாள்.